அனுமார் கோயில் எட்டுக்கால் பூச்சி

ஒரு சிலந்திக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டு எழுதுகிறேன். கதை எழுதுகிறவனுக்கும் எட்டுக்கால் பூச்சிக்கும் என்ன உறவு என்று சில அன்பர்கள் கேட்பார்கள். இராமநாதபுரம் ஜில்லாவில் குடிக்கத் தண்ணீருக்கு வழியில்லை, கடலுக்குப் போகிறவன் கரைக்குத் திரும்புவான் என்ற நிச்சயமில்லை, இந்த லட்சணத்தில் பூச்சிக்குப் பரிந்து பேச ஒருவர் வந்துவிட்டார் என்று வேறு சிலர் முகம் சுளிப்பார்கள். கேட்கட்டும், சுளிக்கட்டும். அவர்களுக்கும் பதில் உண்டு. பின்னால் வருகிறேன்.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். இராமேசுவரத்தைப் புண்ணிய பூமி என்கிறோம். இருபத்திரண்டு தீர்த்தங்களில் நனைகிறோம். அந்த மண்ணின் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தால் நமக்கு மூச்சு முட்டுகிறது. ஆனால் அந்த மண்ணையும் அதை அடுத்த கரையையும் தவிர உலகத்தில் வேறெங்கும் வாழாத ஒரு ஜீவன் அங்கே இருக்கிறது. அதற்கு நாம் ஒரு பெயர் வைக்கவில்லை. இருக்கிறதா, செத்ததா என்று விசாரிக்கவும் இல்லை. அது குடியிருக்கும் மரத்தை மட்டும் மறக்காமல் வெட்டுகிறோம். இதைத்தான் நான் குற்றம் என்கிறேன்.

விஷயம் இதுதான். 2004-ஆம் வருஷம் ஆண்ட்ரூ ஸ்மித் என்ற பிரிட்டிஷ்காரர், தென்னிந்தியாவிலிருந்து ஒரு புதிய சிலந்தி இனத்தை விஞ்ஞான உலகத்துக்கு அறிமுகம் செய்தார். கிடைத்த இடம் இராமேசுவரம். அங்குள்ள அனுமார் கோயில் ஒன்றின் பெயரையே அதற்கு வைத்தார். 'பொயசிலோதேரியா ஹனுமவிலாசுமிகா' என்பது அதன் முழுப் பெயர். முதற்பாதி கிரேக்கம்; 'பல வண்ணம் தீட்டிய விலங்கு' என்று பொருள் சொல்லலாம். பிற்பாதி நம்முடைய ஆஞ்சநேயர்தான். கடல் கடந்து வந்த ஒரு மனிதருக்கு, அந்தப் பிராணியைப் பார்த்ததும் கோயிலின் ஞாபகம் வந்தது. கோயிலுக்கு நித்தியம் போய் வந்தவர்களுக்கு அந்தப் பிராணியைப் பார்த்ததும் என்ன ஞாபகம் வந்தது என்பதை நான் எழுத வேண்டுமா? காலில் கிடந்த செருப்பு!

அது எப்படிப்பட்ட பிராணி என்று கொஞ்சம் பார்ப்போம். பார்க்காமலே வெறுப்பது நம் வழக்கமாகிவிட்டது. ஒரு மாறுதலுக்காகப் பார்த்துவிட்டு வெறுக்கலாம்.

நீங்கள் பகலில் போய்த் தேடினால் அது கிடைக்காது. நூறு வருஷத்துப் புளியமரம் ஒன்று, கிளை முறிந்த இடத்தில் பொந்து, உள்ளே இருட்டு. அந்த இருட்டில்தான் வாசம். பொந்தின் சுவரைப் பட்டு நூலால் மெழுகி வைத்துக்கொள்ளும். நம் வீட்டு மூலையில் ஒட்டடை கட்டுகிற வகையறா அன்று இது. பூச்சியைப் பிடிக்க வலை விரிக்கிற ஜாலமெல்லாம் இதனிடம் இல்லை. இரவு விழுந்து ஊர் அடங்கிய பிறகு, பொந்தின் வாசலுக்கு வந்து காத்திருக்கும். அருகில் வருகிற பூச்சியின்மேல் ஒரே பாய்ச்சல். அவ்வளவுதான் ஜீவனோபாயம்.

இப்போது கையில் உள்ள விளக்கை அடிமரத்தின்மேல் மெல்ல ஏற்றிக்கொண்டு போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டைதான் தெரிகிறது. சாம்பல் நிறம், வெடிப்பு, பாசி படர்ந்த திட்டு. அந்தத் திட்டுகளில் ஒன்று நகர்கிறது. அப்போதுதான் தெரிகிறது, அது பட்டையன்று, கால்களைப் பரப்பிக்கொண்டு படிந்திருக்கிற சிலந்தி என்று. விரித்த உள்ளங்கை அகலம் இருக்கும். முதுகில் யாரோ மெல்லிய தூரிகையால் இலைக்கோலம் போட்டு வைத்திருக்கிறார்கள். விளக்கொளி உறுத்தினால் நூற்றில் தொண்ணூறு தடவை அது பொந்துக்குள் ஓடிவிடும். அந்த ஓட்டத்தைக் கண்ணால் பின்தொடர்வது கஷ்டம். ஓட இடமில்லை என்றால்தான் எதிர்த்து நிற்கும். முன்னங்கால்களை உயரத் தூக்கும். அந்தக் கால்களின் அடிப்பக்கத்தில் மஞ்சள்! புதுத் தாலிக் கயிற்றின் மஞ்சள். குறுக்கே கறுப்புப் பட்டை. 'என்னிடம் வராதே' என்று அது சொல்கிற விதம் அது. கெட்ட வார்த்தை சொல்லாமல் இவ்வளவு அழகாக எச்சரிக்கை செய்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்?

பெண் சிலந்தி பத்து வருஷத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். ஆணின் கதை வேறு. பருவம் வந்ததும் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவான். பெண்ணைத் தேடி இரவெல்லாம் அலைவான். கொஞ்ச காலத்தில் முடிந்துபோவான். நம் வீட்டுத் திண்ணையிலும் குளியலறைச் சுவரிலும் தென்பட்டு அடிபட்டுச் சாகிறவன் பெரும்பாலும் இந்தக் காதலன்தான். காதல் கதைகளைக் கண்ணீர் விட்டுப் படிக்கிற தமிழ் வாசகர்கள் இந்த ஒரு கதாநாயகனிடம் மட்டும் கொஞ்சமும் இரக்கம் காட்டுவதில்லை.

"விஷம் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. மறைக்கவில்லை. இந்த வகைச் சிலந்தி கடித்தால் கடுமையான வலி உண்டாகும். தசைகள் இழுத்துப் பிடிக்கும். அந்த இழுப்பு சில நாள் விட்டு விட்டு வருவதும் உண்டு. டாக்டரிடம் போக வேண்டியதுதான். ஆனால் இது கடித்து மனிதர் யாரும் இறந்ததாக நிச்சயமான பதிவு எதுவும் இல்லை. நம் ஊர்த் தெருவில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற வாலிபர்களைப் பற்றி இந்த நற்சான்று கொடுக்க முடியுமா?

பயம் வேறு, அறியாமை வேறு. இரண்டும் சேர்ந்தால் ஆளைக் கொல்லும். 2012-ஆம் வருஷம் அசாமில் சதியா என்ற ஊரில் சிலந்திகள் படையெடுத்து வந்து கடிக்கின்றன என்று ஒரு பீதி கிளம்பியது. இரண்டு பேர் இறந்தார்கள் என்று பத்திரிகைகள் உலகமெங்கும் அலறின. பின்னால் விசாரித்தபோது, கடிபட்டவர்கள் மந்திரவாதிகளிடம் போனதும், அவர்கள் விஷத்தை இறக்குவதாகச் சொல்லிப் பிளேடால் கீறியதும் வெளிவந்தன. கொன்றது சிலந்தியா, பிளேடா என்ற சந்தேகம் அறிஞர்களுக்கு வந்தது. பீதி மட்டும் சந்தேகமில்லாமல் பரவிவிட்டது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இராமேசுவரத்துச் சிலந்திக்குப் பெயர் கிடைத்த அதே 2004-ஆம் வருஷத்தில், இராக் யுத்தகளத்திலிருந்து ஒரு புகைப்படம் உலகத்தைச் சுற்றி வந்தது. பாலைவனத்தில் வாழும் ஒட்டகச் சிலந்திகள் இரண்டு, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, ஒரு சிப்பாயின் கால் நீளத்துக்குத் தொங்குகிற மாதிரி படம். பூச்சியைக் காமிராவுக்குக் கிட்டவும் மனிதரைத் தூரவும் வைத்து எடுத்ததால் வந்த பிரமாண்டம் அது. அது மனிதரை ஓடித் துரத்தும், ஒட்டகத்தின் வயிற்றைத் தின்னும் என்றெல்லாம் கதைகள். இத்தனைக்கும் ஒட்டகச் சிலந்தி உண்மையில் சிலந்தியே அன்று, சிலந்திக்கும் தேளுக்கும் தாயாதி. அதற்கு விஷமும் கிடையாது. எங்கோ உள்ள பாலைவனத்துப் பொய்யை லட்சக்கணக்கான பேர் நண்பர்களுக்கு அனுப்பி வைத்தார்கள். பக்கத்துக் கோயில் மரத்து உண்மை ஒருவர் காதிலும் விழவில்லை. பொய்க்குக் கால் எட்டு, உண்மை நொண்டி.

நம் ஊரிலும் இந்த விஷயத்தில் ஞானத்துக்குக் குறைவில்லை. உடம்பில் கொப்புளம் கண்டால், "எட்டுக்கால் பூச்சி ஒண்ணுக்குப் போயிடுத்து" என்பார்கள் படித்த வீட்டிலேயே. அது அக்கியாக இருக்கலாம். கொப்புளம் எழுப்பும் சில வண்டுகளின் வேலையாக இருக்கலாம். பழி மட்டும் எப்போதும் சிலந்தி தலையில்தான். உடம்பில் வருகிற கட்டிக்கே சிலந்தி என்று பெயர் வைத்தவர்கள் நாம்!

இராமேசுவரத்துப் பக்கம் ஒரு தாயிடம் போய், "ஏனம்மா அதை அடித்தாய்?" என்று கேளுங்கள். "பிள்ளைக படுத்துக் கெடக்குற வீடு. எட்டுக்கால் பூச்சிய அடிக்காம வேற என்னய்யா செய்ய?" என்பாள். அவள் பேரில் எனக்குக் கோபமில்லை. அவள் கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டிய பள்ளிக்கூடமும் பத்திரிகையும் வாயை மூடிக்கொண்டிருந்தன. ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து, அடியில் ஓர் அட்டையைச் செருகி, மரத்தடியில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? என் வாதம் அவளோடு அன்று. படித்துவிட்டு மௌனமாக இருப்பவர்களோடு.

அந்த மௌனம் தமிழுக்குப் பழக்கமானதுதானா என்றால், கிடையாது. முதல் மழை பெய்த மறுநாள் செம்மண் தரையில் சிவப்புப் பட்டுத் துணியைத் துளித்துளியாகக் கத்தரித்துப் போட்டாற்போல ஒரு பூச்சி ஊர்ந்து வருமே, பார்த்திருக்கிறீர்களா? தம்பலப் பூச்சி என்றும் இந்திரகோபம் என்றும் சொல்வார்கள். அதற்கும் எட்டுக் கால்தான். சிலந்தி, தேள், உண்ணி எல்லாவற்றுக்கும் உறவுதான். வருஷத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள் மறைந்திருந்து, மழை வாசனை பட்டதும் வெளியே வருகிற அந்தச் சிற்றுயிரைச் சங்கப் புலவர்கள் குனிந்து பார்த்தார்கள். 'மூதாய்' என்று பெயர் சொல்லிக் கவிதையில் இடம் கொடுத்தார்கள். தலைவன் தேரேறி வருகிற அவசரத்திலும் பாதையில் ஊர்கிற மூதாயைப் பார்க்கக் கண் இருந்தது. சிலந்தியைச் சிலம்பி என்று அவர்கள் அழைத்தார்கள். காலில் அணிகிற சிலம்பையும் மலையைக் குறிக்கிற சிலம்பையும் நினைவூட்டுகிற என்ன அழகான சொல்! அந்தச் சொல்லை அகராதிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, 'பூச்சி' என்று ஒரே வார்த்தையில் ஆயிரம் உயிர்களைக் கூட்டித் தள்ளுகிற சாமர்த்தியம் நம் காலத்தில் வந்தது. பெயர் இல்லாததை அடிப்பது சுலபம். பெயர் சொல்லிக் கூப்பிட்டதை அடிக்கக் கை கொஞ்சம் தயங்கும்.

சரி, இலக்கியம் வேண்டாம் என்பவர்களிடம் பக்தியைப் பற்றிப் பேசுகிறேன். திருவானைக்காவின் தல புராணம் உங்களுக்குத் தெரியும். நாவல் மரத்தடி லிங்கத்தின்மேல் சருகு விழாதபடி ஒரு சிலந்தி நூலால் பந்தல் போட்டது. யானை அதை அசுத்தம் என்று கலைத்தது. கோபம் கொண்ட சிலந்தி துதிக்கையில் புகுந்து கடித்தது. இரண்டும் மாண்டன. அந்தச் சிலந்திக்கு இறைவன் என்ன தண்டனை கொடுத்தான்? சோழ சிம்மாசனத்தைக் கொடுத்தான்! கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக் கோயில்களாகக் கட்டித் தள்ளியது அந்தச் சிலந்தி. சீகாளத்தியின் பெயரிலேயே முதல் எழுத்துச் சிலந்திக்கு உரியது என்பார்கள். அறுபத்து மூவர் வரிசையில் ஒரு சிலந்திக்குப் பீடம் போட்டவர்கள், சேதுக்கரைச் சிலந்திக்கு ஒரு மரப் பொந்தை விட்டு வைக்க முடியாதா? சேதுவுக்கு மண் சுமந்த அணிலின் முதுகில் இராமன் தடவிய கோட்டைக் குழந்தைகளுக்குக் காட்டுகிறோம். அதே கரையில் முதுகெல்லாம் கோலத்தோடு ஒரு ஜீவன் இருக்கிறது. அதைக் காட்ட வேண்டாமா?

சேது என்றதும் ஞாபகம் வருகிறது. சேதுசமுத்திரத் திட்டத்தை 2005-ல் மதுரையில் தொடங்கி வைத்ததிலிருந்து, அந்த மணல் திட்டுகளை யார் கட்டினார்கள் என்று நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தியது. வானரங்கள் கட்டியதென்று ஒரு கட்சி; கடல் கட்டியதென்று ஒரு கட்சி. கோர்ட்டு வரை போனார்கள். எல்லாரும் தொண்டை கட்டி ஓய்ந்த பிறகு, 2015-ல், இலங்கையில் மன்னார்ப் பக்கத்தில் இதே சிலந்தியைக் கண்டுபிடித்தார்கள் இலங்கை ஆராய்ச்சியாளர்கள். இந்தப் பக்கம் மண்டபம், இராமேசுவரம். அந்தப் பக்கம் மன்னார். நடுவில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே முப்பது கிலோமீட்டர் சுமார் உப்புத் தண்ணீர். இந்தச் சிலந்திக்கு நீந்தத் தெரியாது. தோணிக்குக் கூலி கொடுக்கவும் வழியில்லை.

பனியுகத்தில் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. அப்போது இந்தியாவும் இலங்கையும் ஒரே நிலம். மரத்துக்கு மரம் தாவி, தலைமுறை தலைமுறையாக இந்தக் குடும்பம் அந்த நிலத்தில் பரவியிருக்க வேண்டும். பிறகு கடல் ஏறி வந்து குடும்பத்தை இரண்டாகப் பிரித்திருக்க வேண்டும். இல்லை, பிற்காலத்தில் மரக்கட்டைகளோடு தோணியில் ஏறிப் போயிருக்கும் என்று ஒருவர் சொன்னாலும் சண்டைக்கு வரமாட்டேன். அதுவும் இரண்டு கரையின் உறவுக்குச் சாட்சிதான். என் ஆத்திரமெல்லாம் ஒன்றுதான். சேதுவைப் பற்றி இவ்வளவு பேசினோமே, சேதுவின் இரு முனையிலும் குடியிருக்கிற இந்தச் சாட்சியை யாராவது ஒரு தரம் கூப்பிட்டு விசாரித்தோமா?

கடலுக்கு அப்பால் நடந்த இன்னொரு செய்தியையும் கேளுங்கள். யுத்தம் ஓய்ந்த வட இலங்கையில், மாங்குளத்துப் பக்கம், இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு சிலந்தியைக் கண்டுபிடித்து 2012-ல் அறிவித்தார்கள். போரில் சிதைந்த அந்தப் பிரதேசத்தில் தங்களுக்குத் துணையாக வந்த மைக்கேல் ராஜகுமார் பூராஜா என்ற தமிழ்ப் போலீஸ் இன்ஸ்பெக்டரின் நினைவாக, அதற்கு 'ராஜேயி' என்று பெயர் வைத்தார்கள். குண்டு விழுந்து குழியான மண்ணில் நின்றுகொண்டு, சிலந்தியைத் தேட அவர்களுக்கு மனம் இருந்தது. குண்டே விழாத நமக்கு நேரமில்லை.

நேரமுள்ளவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கண்ணாடிப் பெட்டியில் சிலந்தி வளர்ப்பது ஒரு பொழுதுபோக்கு. அவர்களுக்கு இந்தியச் சிலந்திகள் என்றால் கொள்ளை ஆசை. ஆந்திரத்தில் கூட்டி என்ற ரயில்வே ஊர் இருக்கிறது. அங்கே கிடைத்த ஒரே ஒரு நீலச் சிலந்தியை 1899-ல் போகாக் என்ற அறிஞர் வர்ணித்து எழுதினார். அப்புறம் நூறு வருஷம் அதை யாரும் பார்க்கவில்லை. 2001-ல் நந்தியால், கித்தலூர்ப் பக்கத்துக் காட்டில் மறுபடி அகப்பட்டது. மரம் ஏற்றிய ரயிலில் அது முன்பு கூட்டிக்கு வந்து சேர்ந்திருக்கும் என்கிறார்கள். அகப்பட்டதுதான் தாமதம், சில வருஷங்களில் அயல்நாட்டுச் சந்தைகளில் அது விலைக்கு வந்துவிட்டது. இராமேசுவரத்துச் சிலந்திக்கும் அதே யோகம் வாய்த்தது. எப்படிக் கடல் கடந்து போயிற்று என்ற கேள்விக்கு அழகான பதில் இருக்க முடியாது.

"நாங்கள் வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைக்கிறோம், இனம் அழியாமல் காப்பது நாங்கள்தான்" என்று அந்தப் பொழுதுபோக்குப் பிரபுக்கள் சொல்கிறார்கள். கண்ணாடிப் பெட்டியில் ஒரு சிலந்தி உயிரோடிருக்கும், வாஸ்தவம். ஆனால் புளியமரம் இல்லை, கடற்காற்று இல்லை, பொந்துக்குப் பொந்து தேடி அலைகிற ஆண் இல்லை. தஞ்சாவூர்க் கோயிலின் நடராஜ விக்கிரகத்தை லண்டனில் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று ஒருவன் சொன்னால் நமக்கு எப்படி ரத்தம் கொதிக்கும்? வெண்கலத்துக்குக் கொதிக்கிற ரத்தம் உயிருக்கும் கொஞ்சம் கொதிக்கலாம்.

2019-ல் ஜினீவாவில் நாடுகள் கூடி, இந்தச் சிலந்திக் குடும்பம் முழுவதையும் சர்வதேச வியாபாரக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தன. நல்ல காரியம். இந்தக் குடும்பம் உலகத்திலேயே இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இருக்கிறது. அதைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் பிரேரணை கொண்டு வந்தவர்கள் யார் தெரியுமா? இலங்கையும் அமெரிக்காவும்! நம் சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 2022-ல் வனவுயிர்ச் சட்டத்தைத் திருத்தி, அத்தகைய பட்டியலில் உள்ள பிராணிகளுக்கென்று தனி அத்தியாயம் சேர்த்தது. வியாபாரியைப் பிடிக்க இப்போது சட்டம் உண்டு. கோடரியைப் பிடிக்கத்தான் ஆளில்லை.

அந்தக் கோடரியைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். கோயம்புத்தூரில் உள்ள ஜூ அவுட்ரீச் நிறுவனத்தைச் சேர்ந்த சஞ்சய் மோலூர் முதலியவர்களும், மஞ்சு சிலிவால் என்ற சிலந்தி ஆராய்ச்சியாளரும் தென்னாட்டில் இந்த வகைச் சிலந்திகளைத் தேடித் தேடி ஆராய்ந்தார்கள். 2008-ல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இராமேசுவரத்துச் சிலந்தியை 'அழிவின் விளிம்பில்' என்ற வரிசையில் வைத்தது. அந்த வரிசைக்கு அடுத்த படி, காட்டில் இல்லை என்பது. அதற்கும் அடுத்த படி, எங்குமே இல்லை என்பது. காரணம், விஷ மருந்தோ வேட்டையோ பிரதானமன்று, இருக்க இடமில்லை. பொந்து விழ ஒரு மரத்துக்கு வயசாக வேண்டும். வயசான மரம் நம் கண்ணுக்கு விறகு. யாத்திரிகர் விடுதிக்கு இடைஞ்சல், கார் நிறுத்த இடைஞ்சல், சாலைக்கு இடைஞ்சல். நட்ட கன்று மரமாகிப் பொந்து விழுவதற்குள் நம் பேரன் கிழவனாகிவிடுவான். சிலந்தி அதுவரை எந்தச் சத்திரத்தில் போய்த் தங்கும்?

யோசித்துப் பாருங்கள். அந்தச் சிலந்தி ஏன் கோயில் மரத்தில் அகப்பட்டது? கோயில் மரத்தை யாரும் வெட்டாததால்! பழைய காலத்து பக்தி, தான் எதைக் காப்பாற்றுகிறோம் என்று தெரியாமலே அதைக் காப்பாற்றி வந்தது. புளியமரத்தில் பேய் குடியிருக்கிறது என்ற நம்பிக்கை கூட மரத்துக்கு ஒரு காவல்தான். பேயை விரட்டிவிட்டோம், சந்தோஷம். காலியான காவல்காரன் இடத்தில் அறிவை உட்கார வைத்திருக்க வேண்டும். கான்ட்ராக்டரை உட்கார வைத்தோம். சுந்தர ராமசாமி 1966-ல் ஒரு புளியமரத்தின் கதையை எழுதினார். அந்த மரம் செத்தபோது படித்தவர்கள் மனம் கலங்கினார்கள். நாவலில் நிற்கிற மரத்துக்கு உருகுகிற நாம், ரோட்டில் நிற்கிற மரம் விழும்போது நிழல் போயிற்றே என்றுகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இப்போது முதலில் முகம் சுளித்த அன்பர்களுக்கு வருகிறேன். "மனிதனுக்கே வழியில்லாத ஜில்லாவில் சிலந்திக்கு என்ன?" என்றார்கள். ஐயா, சிலந்திக்கு நான் கேட்பது பணமன்று, மாதச் சம்பளமன்று, மந்திரி வந்து திறக்க வேண்டிய கட்டடமுமன்று. ஏற்கெனவே நிற்கிற கிழட்டு மரம் நிற்கட்டும் என்கிறேன். அந்த மரத்தடியில்தான் சித்திரை வெயிலில் மீன் கூடைக்காரி கூடையை இறக்குகிறாள். அந்த மரம்தான் மணலையும் ஈரத்தையும் பிடித்து வைத்திருக்கிறது. சிலந்தி குடியிருக்கிற மரமும் ஏழை இளைப்பாறுகிற மரமும் வேறு வேறா? மரத்தை வெட்டி விட்டு ஏழையின் பெயரைச் சொல்லுகிறவர், ஏழையைக் கேட்டுவிட்டு வெட்டினாரா என்று முதலில் சொல்லட்டும். 1964 டிசம்பரில் வந்த புயல் தனுஷ்கோடியையே துடைத்துவிட்டுப் போனது. அப்பேர்ப்பட்ட புயலுக்கும் அழியாமல் இந்தத் தீவில் பிழைத்து வந்த குலம் இது. நம் நாகரிகத்துக்கு அழிந்தால், புயலைவிட நாம் பெரியவர்கள் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம்!

பாக் நீரிணையில் ஆவுளியாவுக்காக 2022-ல் தமிழ்நாடு அரசு ஒரு காப்பகம் அறிவித்தது. மெத்தச் சரி. பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அறிவித்தது, அதுவும் சரி. சர்க்காருக்கு இந்தத் திக்கில் நடக்கத் தெரியும் என்பதற்கு இவை அத்தாட்சி. கடற்பசு பெரிசு, புகைப்படத்தில் குழந்தை மாதிரி இருக்கிறது. சிலந்தி அப்படி இல்லை என்பது உண்மைதான். ஆனால் அழகானதை மட்டும் காப்பாற்றுவதற்குப் பெயர் ஜீவகாருண்யமா? அது கண்காட்சி. வாடிய பயிருக்கு வாடிய வள்ளலார் பிறந்த நாட்டில், அழகுப் போட்டி வைத்தா உயிருக்குப் பிச்சை போடுவது?

இந்தச் சிலந்தி இருக்கும் இடத்தை ஊரறியச் சொன்னால் திருடர்கள் வந்துவிடுவார்களே என்று சில விஞ்ஞானிகள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. எந்த மரம், எந்தத் தோப்பு என்று நானும் எழுதமாட்டேன். ஆனால் ரகசியம் யாரிடமிருந்து காக்கப்படுகிறது? விலை கொடுத்து வாங்குகிற வெளிநாட்டான் அதன் லத்தீன் பெயரை மனப்பாடமாகச் சொல்கிறான். அதற்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறவனுக்குத்தான் தெரியவில்லை. தன் மரத்தில் இருப்பது உலகத்தில் வேறெங்கும் கிடைக்காத பொருள் என்று ஊர்க்காரன் தெரிந்துகொண்டால், அவனைவிடச் சிறந்த காவலாளி யார்?

ஆகவே நான் கேட்பவை இரண்டே. இராமேசுவரத்திலும் மண்டபத்திலும் கோயில், பள்ளிக்கூடம், சத்திரம், சாலையோரம், எங்கே ஒரு பழைய மரம் நின்றாலும், அதன்மேல் கோடரி விழுமுன் ஓர் இரவு விளக்கோடு போய் அதன் பொந்தைப் பாருங்கள். உள்ளே யாராவது இருந்தால் விட்டுவிடுங்கள். இது ஒன்று.

இரண்டாவது, அதற்குத் தமிழில் ஒரு பெயர் வையுங்கள். சேதுச் சிலம்பி என்று நான் சொல்லிப் பார்க்கிறேன். வாய்க்கு நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் இதைவிட நல்ல பெயராக ஒன்று வைத்தால் என்னுடையதைத் தூக்கி எறிந்துவிடுங்கள். பெயர் வைத்த குழந்தை நாளைக்குத் தன் வீட்டுச் சுவரில் அதைப் பார்த்தால், "அம்மா, அடிக்காதே!" என்று சொல்லும். என் சட்டம், என் பட்டியல், என் பிரேரணை எல்லாம் அந்த ஒரு சொல்தான்.

கோயிலுக்குப் போகும்போது செருப்பை வாசலில் விட்டுவிடுகிற வழக்கம் நமக்கு உண்டு. கொஞ்சம் முன்னாலேயே, அந்தப் புளியமரத்தடியிலேயே, விட்டுவிட்டு நடந்தால் என்ன?